காரைப் பள்ளத்தில் ஒரு வைவா

(பெரம்பலூர் மாவட்டம், காரை கிராமம். செடி கொடி இல்லாத களிமண் மேடு, உச்சி வெயில். கல்லூரி வேன் நிழலில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார் ஓட்டுநர். வைவா என்னும் வாய்மொழித் தேர்வுக்குக் கல் பொறுக்கிய நிலவியல் மாணவன் முதுகு வளைக்கும் பையோடு வருகிறான்.)

ஓட்டுநர்: தம்பி, நில்லு. பைக்குள் என்ன?

மாணவன்: சாம்பிள் அண்ணே.

ஓட்டுநர்: ஆளுக்கு ஒரு மூட்டை ஏற்றினால் வண்டி ஸ்பிரிங் என்ன ஆவது? கொட்டு, பார்க்கலாம்.

மாணவன்: இந்தப் பளபளப்பைப் பாருங்கள், குவார்ட்ஸ்!

ஓட்டுநர்: நகத்தால் கீறு.

மாணவன்: அட, கோடு விழுகிறது.

ஓட்டுநர்: அப்போது ஜிப்சம். குவார்ட்ஸாக இருந்தால் நகம்தான் போயிருக்கும். இந்தக் களிமண்ணுக்குள் நரம்பு நரம்பாக ஓடுவது இதுதான். சிமெண்ட் சட்டென்று இறுகிவிடாமல் இருக்க இதைக் கொஞ்சம் கலப்பார்கள். காலையில் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சார் சொன்னாரே, எங்கே போயிருந்தாய்?

மாணவன்: லாரி டயரோடு செல்ஃபி எடுத்தேன் அண்ணே. என்னைவிட உயரம்!

ஓட்டுநர்: விளங்கும். (துண்டை இழுத்துப் போட்டு நகர்ந்து படுக்கிறார்.) இந்த நிழல் என்ன, நிற்கமாட்டேன் என்கிறது?

மாணவன்: பூமி சுற்றுகிறது அண்ணே.

ஓட்டுநர்: அதுவாவது தெரிகிறதே. அடுத்தது?

மாணவன்: நத்தை.

ஓட்டுநர்: அம்மோனைட். நத்தை இல்லை, கணவாய்க்குப் பங்காளி; அழிந்தே போன கடல் உயிர், கல்லாகிக் கிடக்கிறது. பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல்.

மாணவன்: இங்கேயா? குடிக்கவே தண்ணீர் இல்லை!

ஓட்டுநர்: எங்கள் அப்பத்தா பூஜையில் வைத்திருக்கும் சாளக்கிராமமும் இந்தச் சாதிதான். அது நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வருவது.

மாணவன்: மரமே கல்லாகிக் கிடக்கிறதே, அந்தச் சாத்தனூர்க் கல்மரம் எவ்வளவு நீளம் அண்ணே? எழுத விட்டுப்போனது.

ஓட்டுநர்: 18 மீட்டர். வயது 12 கோடி வருஷம்.

மாணவன்: நீங்கள் எந்தக் கல்லூரி?

ஓட்டுநர்: எட்டாம் வகுப்பு. வருஷா வருஷம் சார் வேனில் மைக் பிடித்துப் பாடம் நடத்துவார், நீங்கள் எல்லாரும் தூங்குவீர்கள். நான் தூங்க முடியுமா?

மாணவன்: கடைசியாக இது. கறுப்பு, நல்ல கனம். வைவாவுக்கு இதைத்தான் எடுத்துப்போகிறேன்.

ஓட்டுநர்: இந்தப் பக்கம் இப்படிக் கல் கிடையாதே. எங்கே எடுத்தாய்?

மாணவன்: இதோ, நம் வேன் பின்சக்கரத்துக்கு அடியில். யாரோ முட்டுக் கொடுத்த மாதிரி…

ஓட்டுநர்: அடப்பாவி! ஹேண்ட்பிரேக் பிடிக்காது என்று நான் வைத்த கல்லுடா! பூமியா சுற்றுகிறது? வேன் போகிறது, பிடி!