பூம்புகாரைக் கடல் கொண்டபோது கார் ஓட்டியது யார்?

எங்கள் டெல்டாவில் பருவநிலை மாற்றம் என்று பேச்செடுத்தால் ரெண்டு பதில் தயாராக இருக்கும். "1924-ல காவிரியில வராத வெள்ளமா?" என்பது ஒன்று. "பூம்புகாரைக் கடல் கொண்டப்ப யாரு கார் ஓட்டினா?" என்பது இன்னொன்று. இரண்டாவதைக் கேட்டால் எனக்கே சிரிப்பு வந்துவிடும். நல்ல கேள்விதான், ஆனால் பதில் உள்ள கேள்வி.

பருவநிலை தானாகவும் மாறும், யார் இல்லை என்றார்கள்? இடி விழுந்தும் வைக்கோல்போர் எரிந்திருக்கிறது. அதற்காகப் பக்கத்தில் தீப்பெட்டியோடு நிற்பவனை விசாரிக்காமல் விட்டுவிடுவோமா? விசாரித்திருக்கிறார்கள். பூமி சூடாவதற்குச் சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாகியிருக்க வேண்டும். அளந்து பார்த்தால் கீழடுக்கு சூடாகிறது, மேலே ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்கிறது. கரியமில வாயு கூடினால் இப்படித்தான் நடக்கும். 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது அது பத்து லட்சத்தில் 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. கூடியது நிலக்கரியும் பெட்ரோலும் எரித்த கார்பன்தான் என்பதைக் காற்றில் குறைந்துவரும் கார்பன்-13 (நிலக்கரியிலும் பெட்ரோலிலும் குறைவாக இருக்கும் கனமான கார்பன் வகை) விகிதமே காட்டிக்கொடுக்கிறது.

நம் ஆட்கள் அளவை நம்பாதவர்களும் இல்லை. கொள்முதல் நிலையத்தில் போய்ப் பாருங்கள். தார்ப்பாயை விலக்கி ஒரு கை நெல்லை அள்ளி ஈரப்பத மீட்டரில் போடுவார்கள். 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் திரும்பக் களத்தில் கொட்டிக் காயவைக்க வேண்டியதுதான். எழுத்தரோடு சண்டை போடுவார்கள், தளர்வு கேட்டு மறியல் செய்வார்கள். எண் பொய் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். அதே மனிதர் தெர்மாமீட்டர் என்றால் "எல்லாம் வெள்ளைக்காரன் கட்டுக்கதை" என்கிறார்!

பகல் வெயிலைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். நெல்லுக்கு அதைவிட இரவுச் சூடு மோசம். இரவு புழுங்கினால் பகலில் சேர்த்த சத்தைப் பயிர் சுவாசத்திலேயே செலவழித்துவிடும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலைய வயல்களில் பார்த்து 2004-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள்: இரவு வெப்பநிலை 1 டிகிரி கூடினால் விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறைகிறது. ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை என்று விரல் விட்டு எண்ணுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமா?

மழைக் கணக்கும் அப்படித்தான். காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 செ.மீ. பெய்ததே, அதற்கு இது மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஒரு மழையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த மாதிரி மழைக்கான வாய்ப்பு கூடிக்கொண்டே போகிறது.

அப்புறம், எல்லாப் பழியையும் பருவநிலை மேல் போடுகிறவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பானதில் இறால் குட்டைக்கும், கணக்கில்லாமல் போட்ட போர்வெல்லுக்கும், ஆற்று மணலைச் சுரண்டியதற்கும் பங்கு இருக்கிறது. வடிகாலைத் தூர்வாராமல் வயல் மூழ்கிய பிறகு "உலகமே இப்படித்தான் ஆகிப்போச்சு" என்று கைகழுவுவதும் ஏமாற்று வேலைதான்.

மறுப்பதால் நஷ்டம் விஞ்ஞானிக்கு இல்லை, நமக்குத்தான். 2021 ஜனவரியில் அறுவடைக்கு நின்ற சம்பா மழையில் சாய்ந்து முளைத்தது. 2023 பிப்ரவரியில் மறுபடியும். ஒவ்வொரு தடவையும் "இந்த வருஷம் மழை தப்பி வந்துடுச்சு" என்று சொல்லி, நிவாரணம் கேட்டு, மத்தியக் குழு வந்து நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுப் போனதோடு முடித்துக்கொள்கிறோம். தப்பி வந்த மழைதான் என்று நாமே சொல்லும்போது, கொள்முதல் நிலையத்துக்கு நிரந்தரக் கூரையும் நெல் உலர்த்தும் இயந்திரமும் எதற்கு என்று அரசாங்கம் திருப்பிக் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறோம்?