சந்தேகப்படும் தாய்க்கு யார் பதில் சொல்வது?

தடுப்பூசி முகாமுக்கு ஆட்கள் வரவில்லை என்றால் முதலில் காதில் விழும் வாக்கியம் "மக்களிடம் விழிப்புணர்வு இல்லை" என்பதுதான். உடனே இன்னும் கொஞ்சம் பிளக்ஸ் அடிப்பார்கள், ஆட்டோவில் மைக் கட்டி ஊரைச் சுற்றுவார்கள், ஒரு நடிகரை அழைத்து அரை நிமிடம் பேச வைப்பார்கள். இதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வராமல் போன ஒரு தாயின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து "ஏம்மா வரலை?" என்று யாராவது கேட்டார்களா? அவருக்குத் தேதி தெரியும், இடம் தெரியும், இலவசம் என்பதும் தெரியும். அவருக்கு இருப்பது சந்தேகம். அதற்குப் பதில் எந்த பிளக்ஸிலும் இல்லை.

உத்தரப் பிரதேசத்தில் போலியோவை ஒழித்த கதையைப் படித்த பிறகுதான் இந்த விஷயத்தில் எனக்கு ஓர் உறுதியான கருத்து ஏற்பட்டது. நம் நாட்டின் பொது சுகாதாரப் பிரச்சாரத்தில் அதைவிடப் பெரிய பாடம் இல்லை என்றே நினைக்கிறேன்.

2002-ல் இந்தியாவில் 1,600 குழந்தைகளுக்குப் போலியோ வந்தது. அதில் 1,242 பேர் உத்தரப் பிரதேசக் குழந்தைகள். அந்தக் காலத்து விளம்பரங்கள் பலருக்கும் நினைவிருக்கும். அமிதாப் பச்சன் தொலைக்காட்சியில் வந்து, குழந்தையை அழைத்து வராத பெற்றோரைக் கோபமாகத் திட்டுவார். நாடே பார்த்த விளம்பரம் அது. பலருக்கு அது உறைக்கவும் செய்தது. ஆனால் மேற்கு உத்தரப் பிரதேசத்தின் பல தெருக்களில், குறிப்பாக ஏழை முஸ்லிம் குடும்பங்கள் வாழும் பகுதிகளில், சொட்டு மருந்துடன் போனவர்களுக்கு முன்னால் கதவு சாத்தப்பட்டது. மருந்தைக் குடித்தால் பிள்ளை வளர்ந்த பிறகு வாரிசு இருக்காது என்ற பேச்சு அங்கே பரவியிருந்தது.

படித்தவர்கள் இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அவசரநிலைக் காலத்தில் என்ன நடந்தது? 1976-77-ல் மட்டும் இந்தியாவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சைகள் செய்யப்பட்டன. அதில் பெரும்பகுதி ஆண்களுக்கு. வட மாநிலங்களில் ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோய்ச் செய்தார்கள். முசாபர்நகரில் எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. இதைப் பார்த்த தலைமுறை அந்த வீடுகளில் தாத்தாவாகவும் பாட்டியாகவும் உட்கார்ந்திருக்கிறது. அதே அரசாங்கத்தின் ஆள் இப்போது பேரனுக்கு மருந்தோடு வந்து நிற்கிறார். அவரைச் சந்தேகப்பட்டது அறியாமையா? எனக்கு அது ஞாபகமாகத்தான் தெரிகிறது.

இன்னொரு கேள்வியும் அந்தத் தெருக்களில் எழுந்தது. சாக்கடை அடைத்துக் கிடக்கிறது, அதற்கு யாரும் வருவதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பார்க்க டாக்டர் இல்லை. இந்த ஒரு மருந்தை மட்டும் திரும்பத் திரும்ப வீடு தேடிவந்து கொடுக்கிறார்களே, ஏன்? இது நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

நிலைமை மாறத் தொடங்கியது, இந்தக் கேள்விகளை மதித்துப் பதில் சொல்ல ஆரம்பித்தபோதுதான். யுனிசெஃபும் சில தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த பெண்களையே ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுத்தன. ஒருவருக்குச் சுமார் 500 வீடுகள். எந்த வீட்டில் யார் கர்ப்பிணி, எங்கே புதிதாகப் பிள்ளை பிறந்திருக்கிறது, எந்த வீட்டில் மாமியார் வேண்டாம் என்கிறார் என்பதெல்லாம் அவர்கள் கைநோட்டில் இருக்கும். மருந்து கொடுக்கும் நாளில் மட்டும் எட்டிப்பார்த்துவிட்டுப் போகாமல் மற்ற நாட்களிலும் போய்ப் பேசினார்கள். மதகுருமார்களிடம் பேசி, பள்ளிவாசலிலிருந்தே அறிவிப்புச் செய்ய வைத்தார்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் டெல்லியின் ஜாமியா மில்லியா பல்கலைக்கழகமும் துணைக்கு வந்தன. அப்புறம் 2009-ல் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் போலியோ விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருந்த 107 வட்டாரங்களைத் தேர்ந்தெடுத்து, சொட்டு மருந்தோடு வயிற்றுப்போக்குக்கான உப்பு சர்க்கரைக் கரைசல், துத்தநாக மாத்திரை, சுகாதாரம், தாய்ப்பால் என்று மற்றவற்றிலும் கவனம் வைத்தார்கள். "இது ஒன்றுக்கு மட்டும் ஏன் வருகிறீர்கள்?" என்ற கேள்விக்கு அதுதான் சரியான பதில்.

பேச்சு மட்டுமே போலியோவை விரட்டிவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். 2010 தொடக்கத்தில் வந்த, போலியோ வைரஸின் இரண்டு வகைகளைத் தடுக்கும் புதிய சொட்டு மருந்து பழையதைவிட நன்றாக வேலை செய்தது. ஆனால் எவ்வளவு நல்ல மருந்தாக இருந்தாலும் கதவு திறந்தால்தானே வாய்க்குள் போகும்? நாடு முழுக்கப் போலியோ வந்தவர்கள் 2009-ல் 741 பேர், 2010-ல் 42, 2011-ல் ஒரே ஒரு குழந்தை. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் நோய் கண்ட அந்தச் சிறுமிதான் கடைசி. 2014 மார்ச் 27 அன்று இந்தியாவுக்குப் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது.

இது வடக்கத்திப் பிரச்சினை, நம் ஊரில் அப்படியில்லை என்று நினைப்பவர்கள் 2017 பிப்ரவரியை நினைத்துப் பார்க்க வேண்டும். தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசியை ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் போடத் தமிழகம் முழுக்க முகாம் நடந்தது. தடுப்பூசிக்குப் பேர்போன மாநிலம் நம்முடையது. ஆனால் வாட்ஸ்அப்பில் சில குரல் பதிவுகள் சுற்ற ஆரம்பித்ததும், படித்த பெற்றோரே பிள்ளையை அன்று பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார்கள். முகாமை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டி வந்தது. அந்தப் பெற்றோரில் எத்தனையோ பேர், அதே இரண்டு நோய்களுக்கும் சேர்த்துத் தடுக்கும் எம்எம்ஆர் ஊசியை ஏற்கெனவே தனியார் டாக்டரிடம் காசு கொடுத்துப் போட்டவர்கள். அங்கே டாக்டர் முகத்தைப் பார்த்து நாலு கேள்வி கேட்க முடிந்தது. பள்ளியிலிருந்து வந்தது ஒரு சுற்றறிக்கை. அதனிடம் எதைக் கேட்பது?

தனியார் மருத்துவமனைகள் இதை நன்றாகப் புரிந்துவைத்திருக்கின்றன. அவர்கள் விளம்பரத்தில் ஒரு போன் நம்பர் இருக்கும். கூப்பிட்டால் ஒருவர் எடுப்பார், நீங்கள் மறந்தாலும் மறுநாள் அவரே கூப்பிடுவார். பயத்தைக் கிளப்பி வியாபாரம் செய்யும் விளம்பரங்கள் மீது எனக்குக் கடுங்கோபம் உண்டு, அதைத் தனியாகவே எழுத வேண்டும். ஆனால் கேள்வி கேட்பவருக்குப் பதில் சொல்ல ஓர் ஆளை உட்கார வைப்பதை அரசு அவர்களிடமிருந்து தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது இதை எழுதக் காரணம் இருக்கிறது. 14 வயதுச் சிறுமிகளுக்கு ஹெச்பிவி தடுப்பூசி போடப்படும் என்று தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி. இது நம் பிள்ளைகள் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். பெண்பிள்ளை, பருவ வயது, கருப்பை. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் என்ன வதந்தி கிளம்பும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. கிளம்புவதற்குப் பழைய காரணமும் இருக்கிறது. 2009-ல் ஒன்றுபட்ட ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் இந்த ஊசியை வைத்து ஓர் ஆய்வுத் திட்டம் நடந்தது. ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வந்து, 2010-ல் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று விசாரணை சொன்னது. ஆனால் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டது உண்மை. நாடாளுமன்றக் குழுவே அந்தத் திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது.

இதை யாரோ ஒருவர் பாதி உண்மையாக வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன்னால் சுகாதாரத் துறையே முழுசாகச் சொல்லிவிட வேண்டும். அன்று என்ன தப்பு நடந்தது, இன்று ஒப்புதல் எப்படி வாங்குகிறோம், ஊசி போட்ட அன்று ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது, யார் எடுப்பார் என்பது வரை. இதைச் சொல்லச் சரியான ஆள் நம் ஊர் கிராம சுகாதாரச் செவிலியர்தான். அந்தச் சிறுமியின் அம்மா கர்ப்பமாக இருந்த காலத்திலிருந்தே அவரை அந்த வீட்டுக்குத் தெரியும். முகாம் தேதி அவர் காதுக்கே கடைசி நேரத்தில் வருவதாக இருக்கக் கூடாது. மாதக்கணக்கில் முன்னாலேயே அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவருக்கு இருக்கும் சந்தேகங்களை முதலில் கேளுங்கள். பிளக்ஸுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, அவர் வீடு வீடாகப் போகும் பயணச் செலவுக்கும் உதவிக்கு இன்னொரு ஆளுக்கும் கொடுங்கள்.