தரம் எட்டு வரை காத்திருப்பதா?

மாதவிடாயைப் பற்றிப் பெண் பிள்ளைகளிடம் எப்போது பேசுவது என்ற உங்கள் கட்டுரையில், தரம் எட்டில் சுகாதாரப் பாடத்தில் வரும்போது படித்துக்கொள்வார்கள் என்று ஒரு தாய் சொல்வதை ஏற்க முடியவில்லை. பத்து வயதிலேயே பெரிய பிள்ளையாகிறவர்கள் உண்டு. மார்பு வளரத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு வருடத்தில் முதல் மாதவிடாய் வரும். அதற்குச் சில மாதங்கள் முன்பே வெள்ளைபடும். பேச்சைத் தொடங்க இவ்வளவு அடையாளம் போதாதா?

கொழும்பில் எங்கள் வெள்ளவத்தைப் பக்கம் சாமத்திய வீடு (பூப்புனித நீராட்டு விழா) என்றால் மண்டபம், கேக், வீடியோ எல்லாம் தடபுடல்தான். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் பருக்க மாமிமார் வரிசையில் நிற்பார்கள். நாப்கினை எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்று சொல்லத்தான் ஆளில்லை. (நான்கு முதல் ஆறு. பாடசாலை விட்டு நேரே டியூஷன் போகிற பிள்ளைக்கு, அதுவும் வெள்ளைச் சீருடையோடு, இது சின்ன விஷயமில்லை. புத்தகப் பையில் ஒரு நாப்கினும் மாற்று உள்ளாடையும் இருக்கட்டும்.) முதல் ஒன்றிரண்டு வருடம் திகதி முன்பின்னாகத்தான் வரும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

தரம் 6 இல் பாடசாலைக்கே வந்து பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி போடுகிறார்கள். அன்றைக்கே அரை மணித்தியாலம் இதையும் பேசினால் என்ன?

இன்னொன்று, வலியால் மாதாமாதம் பாடசாலை தவறினால், "எல்லாருக்கும் அப்படித்தான்" என்று விடாமல் டொக்டரிடம் காட்டுங்கள்.