முதல் கப்பல் போன அன்று யார் பேசினார்கள்?

போன திங்கட்கிழமை ராத்திரி பன்னிரண்டு மணி இருக்கும். திருநெல்வேலியில் இன்ஜினியரிங் படிக்கிற ஒரு தம்பி டிஸ்கார்டில் எழுதியிருந்தான். "அக்கா, எல்லாம் போச்சு. நான் கேமை அன்இன்ஸ்டால் பண்ணப்போறேன்." ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில் பத்தொன்பது நாள் விண்கல் வெட்டி, சின்னச் சின்ன வேலைகள் செய்து சேர்த்தது அத்தனையையும் ஒரே சரக்குக் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஜிட்டா சந்தைக்குக் கிளம்பியிருக்கிறான். வழியிலேயே வேறு ஆட்டக்காரர்கள் அடித்துவிட்டார்கள்.

அவனோடு ஒன்றரை மணி நேரம் பேசினேன். பேசி முடித்தும் தூக்கம் வரவில்லை. அந்த ராத்திரியில் மனதுக்குள் எழுதிப் பார்த்ததைத்தான் இங்கே போடுகிறேன். நீளமான பதிவு. ஈவ் ஆன்லைன் ஆடுகிறவர்கள், முக்கியமாக நாலைந்து வருஷத்துக்கு மேல் ஆடுகிறவர்கள், பொறுமையாகப் படியுங்கள்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐஸ்லாந்தின் ரேக்யவிக் நகரத்தில் இருக்கும் சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்ட விண்வெளி விளையாட்டு இது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட சூரிய மண்டலங்கள். சீனாவுக்கு மட்டும் தனி சர்வர். மற்ற உலகம் முழுக்க ஒரே சர்வரில்தான் ஆடுகிறது. நீங்கள் ஓட்டுகிற கப்பலை எங்கேயோ இருக்கும் இன்னொரு ஆட்டக்காரர் கட்டியிருப்பார், அதற்கான தாதுவை வேறொருவர் வெட்டியிருப்பார், மூன்றாவது ஆள் சந்தைக்குக் கொண்டுவந்து விற்றிருப்பார். கப்பல் வெடித்தால் வெடித்ததுதான். காப்பீட்டில் கொஞ்சம் வரும், உள்ளே இருந்த சரக்கு வராது. பாதி உடைந்து வீணாகும், மிச்சத்தை அடித்தவர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள்.

புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் முதலில் ஏமாறுகிறார்கள். ஹைசெக் என்று ஒரு பகுதி இருக்கிறது. 'ஹை செக்யூரிட்டி' என்ற பெயரைப் பார்த்ததும் அங்கே யாரும் நம்மைத் தொட முடியாது என்று நினைத்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். காங்கார்ட் என்ற காவல்படை அங்கே தண்டிக்கும், தடுக்காது. உங்களை அடித்தவனின் கப்பலை அது கட்டாயம் அழித்துவிடும். ஆனால் அது வந்து சேரச் சில நொடிகள் ஆகும், பாதுகாப்பு எண் 1.0 இருக்கும் இடத்தைவிட 0.5 இருக்கும் இடத்தில் இன்னும் தாமதமாக வரும். அந்த நொடிகளுக்குள் உங்களை முடித்துவிட முடியுமா, முடித்தால் கிடைக்கிற சரக்கு தாங்கள் இழக்கப்போகிற மலிவுக் கப்பல்களின் விலையைவிட அதிகமா? அடிக்கிறவர்கள் போடுவது இந்தக் கணக்கைத்தான். உவேடாமா என்ற 0.5 மண்டலம் இதற்குப் பேர்போனது. டோடிக்சி என்ற இன்னொரு சந்தையில் இருந்து ஜிட்டாவுக்குக் குறுக்கு வழியாகப் போனால் அதைக் கடந்தே ஆக வேண்டும். தம்பியின் கப்பல் போனது அங்கேதான்.

என் கப்பல் போனதும் அங்கேதான், 2017-ல். கணக்கு எழுதுவது என் தொழில். வேலை முடிந்து வந்தும் எண்களோடு இருக்கப் பிடிக்கும் என்பதால் இந்த விளையாட்டின் சந்தைக்காகத்தான் உள்ளே வந்தேன். டோடிக்சியில் மலிவாக வாங்கி ஜிட்டாவில் விற்பது, திரும்பி வரும்போது அங்கிருந்து வேறு சரக்கு. இரண்டு மாதம் நன்றாகப் போனது. ஒரு நாள் கையில் இருந்த மொத்தப் பணத்தையும் சரக்காக்கி, ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் நான் ஏதோ ஒரு ஸ்டேஷனில், புது உடம்பில், வெறுங்கையோடு நிற்கிறேன். என்ன நடந்தது என்று புரியவே கால் மணி நேரம் ஆனது. அழுதேன். ஒரு விளையாட்டுக்காக அழுவதா என்று கேட்கிறவர்கள், இரண்டு மாதம் தினமும் இரண்டு மணி நேரம் போட்ட உழைப்பு ஒரு சோற்றுத் தட்டு காலியாவதற்குள் மறைந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அன்றைக்கே விட்டிருப்பேன். விடாததற்கு ஒரே காரணம், இருபது நிமிடம் கழித்து கேமுக்குள்ளேயே வந்த ஒரு கடிதம். அனுப்பியது என்னை அடித்த கூட்டத்தில் ஒருவர். நீ புதுசா என்று கேட்டிருந்தார். ஆட்டோபைலட் போட்டால் கப்பல், அடுத்த மண்டலத்துக்குப் போகும் கேட்டில் இருந்து 15 கிலோமீட்டர் தள்ளித்தான் இறங்கும், மிச்ச தூரத்தை ஊர்ந்துதான் கடக்கும், அந்த ஊர்கிற நேரம்தான் எங்களுக்குப் போதும் என்று விளக்கியிருந்தார். கையால் ஓட்டினால் கேட்டின் வாசலிலேயே இறங்கலாம். ஒரே கப்பலில் எல்லாவற்றையும் ஏற்றாதே, இன்ன இன்ன கருவியைப் பொருத்து என்று நாலு வரி. கூடவே, மறுபடி தொடங்கக் கொஞ்சம் பணமும் அனுப்பியிருந்தார். சரக்கின் மதிப்போடு பார்த்தால் அது சொற்பம். ஆனால் அந்தக் கடிதம் வந்த பிறகு எனக்கு நடந்தது விபத்தாகத் தெரியவில்லை, நான் படிக்காமல் விட்ட பாடமாகத் தெரிந்தது. மறுநாள் மறுபடி லாகின் செய்தேன்.

2015-ல் ரேக்யவிக்கில் நடந்த ஃபேன்ஃபெஸ்ட் விழாவில் சிசிபி ஒரு கணக்கைக் காட்டியது. எண்பதாயிரம் புதியவர்களின் முதல் பதினைந்து நாட்களைப் பார்த்ததில், ஹைசெக்கில் இப்படி அநியாயமாக அடிபட்டவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் இருந்தார்கள். அவர்கள்தான் மற்றவர்களைவிட அதிக நாள் தங்கினார்கள், எதிலும் அடிபடாதவர்கள் சீக்கிரம் போய்விட்டார்கள். பழைய ஆட்கள் பலர் இதை இன்றைக்கும் கேடயமாகப் பிடிக்கிறார்கள். "பாருங்கள், அடிப்பது புதியவர்களுக்கு நல்லது" என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சரக்கு ஏற்றிக்கொண்டு ஊர் விட்டு ஊர் போகிற அளவுக்கு ஆர்வம் வந்தவன்தான் அடிபடுகிற இடத்துக்கே போய்ச் சேர்கிறான். அவன் தங்குவதற்கு அந்த ஆர்வமே பாதிக் காரணம். அடிபட்டவனிடம் பிறகு யாராவது பேசினார்களா என்பதை அந்தக் கணக்கு சொல்லவில்லை. அதோடு, அடியே படாமல் போய்விட்ட பெருங்கூட்டத்தைப் பாருங்கள். அவர்களை விரட்டியது கொள்ளைக்காரர்கள் இல்லை. யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் தனியாகக் கல் வெட்டி, சலித்துப் போனவர்கள் அவர்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இழப்பை எடுத்துவிடுங்கள், புதியவர்களைச் சுட முடியாதபடி செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற நண்பர்களும் இருக்கிறார்கள், அவர்கள் நோக்கம் நல்லது. ஆனால் கப்பல் வெடிப்பதால்தான் இன்னொரு கப்பல் விற்கிறது, கல் வெட்டுகிறவனுக்கு வேலை இருக்கிறது. இழப்பை எடுத்துவிட்டால் நான் நேசிக்கிற அந்தச் சந்தை ஒரே மாதத்தில் செத்துப்போகும். புதியவர்கள் தொடங்குகிற மண்டலங்களில் அவர்களைச் சீண்டக்கூடாது என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது, அது இருக்கட்டும். நான் கேட்பது வேறு. அடித்த பிறகு லோக்கல் சாட்டில், அந்த மண்டலத்தில் இருப்பவர்கள் எல்லாரும் பார்க்கும் பேச்சில், புதியவன் எழுதும் வருத்தத்தைப் படம் பிடித்துப் போட்டுச் சிரிக்கிற பழக்கம் இருக்கிறதே, அதை விடச் சொல்கிறேன். "நாங்கள் பட்டதை அவர்களும் படட்டும்" என்ற பேச்சை மாமியார்களிடம் கேட்டு வளர்ந்த ஊர் நமது. அதை விண்வெளிக்கும் ஏற்றிக்கொண்டு போக வேண்டாம்.

நிறுவனம் தன்னால் ஆனதைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. தொடக்கப் பாடத்தைப் பல முறை மாற்றி எழுதிவிட்டார்கள். 2016 நவம்பரில் ஆல்ஃபா கணக்கு வந்தது, காசு கட்டாமலே உள்ளே வரலாம். நானே அந்த வாசல் வழியாக வந்தவள்தான். ஆனால் எத்தனை பாடம் எழுதினாலும், எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்பதைத்தான் பாடம் சொல்லும். எதற்காக அழுத்த வேண்டும் என்பதைச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். காசு கொடுத்து ஸ்கில் பாயிண்ட், அதாவது எந்தக் கப்பலை ஓட்டலாம் என்பதைத் தீர்மானிக்கும் திறன் புள்ளி, வாங்கிச் சீக்கிரம் பெரிய கப்பலில் ஏறுவதும் புதியவர்களுக்கு உதவி ஆகாது. ஓட்டத் தெரியாத கையில் பெரிய கப்பலைக் கொடுத்தால் பெரிய இழப்புதான் வரும்.

தம்பி என்னிடம் கேட்ட கேள்வியும் அதுதான். "2003-ல வந்தவங்க இருபது வருஷம் ஸ்கில் ஏத்தியிருக்காங்க அக்கா. நான் எப்போ பிடிக்கிறது?" இந்த விளையாட்டில் ஸ்கில் ஏறுவது நிஜ நேரத்தில். நீங்கள் தூங்கினாலும் காலேஜ் போனாலும் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் முன்னால் வந்தவரைப் பிடிக்கவே முடியாது என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு ஸ்கில்லுக்கும் ஐந்து நிலைகள்தான். நான்காம் நிலை வரை எடுக்க ஆகும் நேரத்தைப் போல நாலரை மடங்குக்கும் மேல் ஆகும் ஐந்தாவதை மட்டும் முடிக்க. கிடைக்கும் பலனோ பெரும்பாலும் ஒவ்வொரு நிலைக்கும் ஒரே அளவுதான். ஒரு சின்னக் கப்பலுக்கு வேண்டியதை மட்டும் நான்காம் நிலை வரை ஏற்றினால், அந்தக் கப்பலுக்குள் நீங்கள் இருபது வருஷத்து ஆளுக்குப் பக்கத்தில் வந்து நிற்பீர்கள். அவரிடம் ஓட்டக்கூடிய கப்பல் நூறு வகை இருக்கலாம். ஒரு நேரத்தில் அவரும் ஒன்றைத்தான் ஓட்ட முடியும்.

அந்தச் சின்னக் கப்பலை வைத்து என்ன செய்வது என்றால், பிடித்து வைப்பது. இங்கே எந்தக் கப்பலும் வார்ப் என்ற அதிவேகப் பாய்ச்சலைப் போட்டுத் தப்பித்துவிடும், யாராவது அதன் வார்ப்பை முடக்காத வரை. அந்த முடக்கும் கருவியைப் பொருத்திய ஒரு ஃபிரிகேட், வந்து முதல் வாரத்திலேயே ஓட்டக்கூடியது, விலை அற்பம். அது வேகமாகப் பாய்ந்து, தன்னைவிட நூறு மடங்கு விலையுள்ள கப்பலைச் சுற்றிக்கொண்டே பிடித்து வைத்திருந்தால் போதும், பின்னால் வரும் பெரியவர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்கள். பிடித்ததும் வாய்ஸில் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை: "பாயிண்ட்." கூன்ஸ்வார்ம் என்ற கூட்டம் அந்த நாளில் ரிஃப்டர் என்ற மலிவுக் கப்பல்களில் புதியவர்களை ஏற்றிக்கொண்டுதான் பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்ற பெரிய பழைய அலையன்ஸை, அதாவது ஆட்டக்காரர் கூட்டணியை, எதிர்த்து நின்றது. 2004-ல் தொடங்கிய ஈவ் யுனிவர்சிட்டி இன்றைக்கும் சம்பளம் வாங்காத ஆட்களை வைத்துப் புதியவர்களுக்குப் பாடம் நடத்துகிறது. அவர்கள் எழுதி வைத்திருக்கும் விக்கியை நான் கோச்சிங் நோட்ஸ் மாதிரி படித்தேன்.

2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தில் நடந்த சண்டை உலகச் செய்தி ஆனது. கட்ட வேண்டிய ஒரு கட்டணம் கட்டப்படாமல் போனதில் மூண்ட போர், இருபத்தொரு மணி நேரம் நீடித்து டைட்டன் என்ற மிகப் பெரிய கப்பல்களில் 75-ஐத் தின்றது. அந்தச் செய்திகளைப் படித்துவிட்டுத்தான் பலர் வருகிறார்கள். வந்து பார்த்தால் கையில் ஒரு வெஞ்சர் மைனிங் கப்பல், முன்னால் ஒரு பாறை, பக்கத்தில் யாரும் இல்லை. படித்த கதைக்கும் நிற்கிற இடத்துக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைத் தனியாகக் கடப்பது மிகக் கஷ்டம்.

நம் ஊரில் இருந்து ஆடுகிறவர்களுக்கு அந்தத் தூரம் இன்னும் கூடுதல். தினமும் சர்வரைப் பராமரிப்புக்கு மூடும் நேரம் நமக்குச் சாயங்காலம் நாலரை. பிள்ளைகள் காலேஜ் விட்டு வந்து உட்கார்கிற நேரம். ஐரோப்பியக் குழுக்களின் ஃப்ளீட், அதாவது கூட்டாகக் கிளம்பும் படை, கேம் நேரப்படி 19:00 என்றால் இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. மறுநாள் எட்டு மணிக்கு பஸ் பிடிக்க வேண்டியவன் எப்படி வருவான்? இதைவிடப் பெரிய தடை வாய்ஸ். இங்கிலீஷில் வேகமாகக் கட்டளைகள் பறக்கும்போது, தப்பாகப் பேசிவிடுவோமோ என்று மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகளை எனக்குத் தெரியும். நானும் ஒரு பெண் குரலாக அங்கே பேச ஏழு மாதம் ஆனது. ஃப்ளீட்டை நடத்துகிறவர்களே ரஷ்ய, ஜெர்மன், போலிஷ் சாயலில்தான் இங்கிலீஷ் பேசுகிறார்கள், யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை. ஆனால் இதை அவனிடம் யாராவது சொல்ல வேண்டும் இல்லையா.

அதனால் பழையவர்களிடம் கேட்கிறேன். உங்கள் கார்ப்பில், அதாவது உங்கள் ஆட்டக்குழுவில், இந்த மாதம் சேர்ந்தவர்கள் யார் யார் என்று பாருங்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இன்றைக்கு என்ன செய்தாய் என்று கேளுங்கள். புதியவனை அடித்திருந்தால் நாலு வரி எழுதுங்கள், ஏன் மாட்டினான் என்று. உங்களுக்கு ஐந்து நிமிடம்.

தம்பிக்கு நான் பணம் அனுப்பவில்லை. கருவி பொருத்திய ஆறு ஃபிரிகேட்களை அவன் பெயருக்கு மாற்றிக் கொடுத்தேன். இந்த ஆறும் வெடிக்கத்தான் போகிறது, வெடித்தால் என்னிடம் சொல், கணக்கு வேண்டாம் என்றேன். எங்கள் கார்ப்பில் இந்திய நேரம் ஒன்பது மணிக்கு ஞாயிறுதோறும் ஒரு சின்ன ஃப்ளீட் வைத்திருக்கிறோம், பன்னிரண்டு பதின்மூன்று பேர்.

நேற்று வந்தான். முதல் ஒரு மணி நேரம் மைக் அணைந்தே இருந்தது. இரண்டு கப்பல் போனது, "சாரி அக்கா" என்று டைப் செய்தான். மூன்றாவதை எடுத்துக்கொண்டு வந்தான். லோசெக் என்ற பாதுகாப்புக் குறைந்த பகுதியின் ஒரு கேட்டில் தனியாக ஒரு பேட்டில்ஷிப், பெரிய போர்க்கப்பல், இறங்கியது. எங்களில் யாரும் பக்கத்தில் இல்லை, அவன் மட்டும்தான் அங்கே நின்றிருந்தான். வாய்ஸில் இரண்டு நொடி வெறும் இரைச்சல். ஏதோ மின்விசிறி ஓடுகிற சத்தம். பிறகு ஒரு குரல், நான் அதுவரை கேட்டிராத குரல்.

"பாயிண்ட். அக்கா, பாயிண்ட், பாயிண்ட்!"