‘எனக்கு வரல’ என்பது ஒரு பதிலா?

சனிக்கிழமை பதிவுக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் இனித் தேடிப் போக வேண்டாம், பாதி கமென்ட்டை எழுதியவர்களே அழித்துவிட்டார்கள். ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது. போடப் போவதில்லை, அந்த அளவுக்கு இறங்க மனசு வரவில்லை.

நான் எழுதியது இவ்வளவுதான். என் ஹோம் தியேட்டர் ரிசீவரில் (பிளேயரிலிருந்து வரும் படத்தை டிவிக்கும் ஒலியை ஸ்பீக்கர்களுக்கும் அனுப்பும் பெட்டி) இப்போதெல்லாம் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துப் போகிறது. உள்ளே ரிலே என்கிற சுவிட்ச் ‘டக்’ என்று தட்டும். இரண்டு மூன்று விநாடி எதுவும் இருக்காது. அப்புறம் இன்னொரு ‘டக்’, படமும் ஒலியும் திரும்பி வரும். இந்த மாடலை வாங்க நினைப்பவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதே பதிவில் அதன் ஒலியைப் பற்றி நான்கு பத்தி புகழ்ந்தும் எழுதியிருந்தேன். அந்த நான்கு பத்தி ஒருவர் கண்ணிலும் படவில்லை.

வந்த பதில்கள்: கேபிள் மட்டமானது. வைத்த இடம் சரியில்லை. மேனுவலைப் படிக்கவில்லை. போட்டிக் கம்பெனிக்காரன் காசு கொடுத்திருக்கிறான். எல்லாவற்றையும் விட அதிக லைக் வாங்கியது ஒரே ஒரு வரி: ‘எனக்கு வரல ப்ரோ.’

சரி, உங்களுக்கு வரவில்லை. ரொம்ப சந்தோஷம். எனக்கு வந்திருக்கிறதே, அதற்கு இது எப்படி ஐயா பதிலாகும்?

கேபிளையே முதலில் எடுத்துக்கொள்வோம், எல்லோருக்கும் அதுதானே கையில் கிடைக்கிறது. என்னிடம் இருப்பவை அல்ட்ரா ஹை ஸ்பீட் சான்றிதழ் உள்ள ஹெச்டிஎம்ஐ கேபிள்கள், விநாடிக்கு 48 கிகாபிட்டுக்குச் சோதிக்கப்பட்ட வகை, நீளமும் குறைவு. அதே கேபிளை, அதே பிளேயரிலிருந்து, நடுவில் ரிசீவர் இல்லாமல் நேராக டிவியில் செருகினால் இரவு முழுக்க ஒரு சிணுங்கல் கிடையாது. ரிசீவரை உள்ளே கொண்டுவந்தால் கறுப்பு. இதைப் பதிவிலேயே எழுதியிருந்தேன். படிக்காமல் கேபிளை மாற்றச் சொன்னவர்கள்தான் என்னிடம் மேனுவலைப் படித்தாயா என்று கேட்கிறார்கள்.

ஹெச்டிஎம்ஐ சங்கதி கொஞ்சம் வில்லங்கமானது என்பது எனக்கும் தெரியும். பிளேயர், ரிசீவர், டிவி மூன்றும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டு, படத்தை நகலெடுக்காமல் தடுக்கும் பூட்டுக்கான சாவிகளைச் சரிபார்த்துக்கொண்ட பிறகுதான் படம் வரும். அதைத்தான் ஹேண்ட்ஷேக் என்கிறோம். ரெசல்யூஷனோ ஃபிரேம் ரேட்டோ மாறினால் மறுபடி முதலிலிருந்து. அந்த நேரத்தில் ஒரு விநாடி கறுத்தால் நான் ஏன் வாய் திறக்கப் போகிறேன்? எதுவும் மாறாமல், ஒரே படம் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் அறுந்து போகிறது என்பதுதான் புகார். இதைச் சொன்னதும் ஒருவர், ஒரே ரிமோட்டில் எல்லாப் பெட்டியையும் இயக்க வைக்கும் சிஇசி-யை ஆஃப் செய்யச் சொன்னார். அது வாங்கிய வாரத்திலிருந்தே ஆஃப்தான் சார்.

பொருளில் குறை இருக்கவே முடியாது, வாங்கியவன்தான் முட்டாள் என்று பேசுகிறவர்கள் 2020-ஐ மறந்துவிட்டார்கள். அந்த வருடம் வந்த பல பெரிய பிராண்டு ரிசீவர்களில் ஹெச்டிஎம்ஐ 2.1 சிப்பிலேயே கோளாறு இருந்தது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் கேம் பெட்டியிலிருந்து 4கே 120 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 120 ஃபிரேம், கொடுத்தால் திரை கறுத்துவிடும். கடைசியில் ஒரு நிறுவனம் நடுவில் செருக ஒரு தனி அடாப்டர் பெட்டியைக் கொடுத்தது, இன்னொன்று போர்டையே மாற்றிக் கொடுத்தது. உலகத்திலேயே நல்ல கேபிளை வாங்கிச் செருகியிருந்தாலும் அந்தக் கறுப்புத் திரை போயிருக்காது. அன்றைக்கும் விளையாடாதவனுக்கு, 120 ஹெர்ட்ஸே போடாதவனுக்கு ‘வரல’தான். அவன் சொன்னது பொய்யில்லை. அதனால் சிப் சரியாகிவிட்டதா?

‘எனக்கு வரல’ என்று எழுதியவர்களில் சிலருடைய பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். எனக்கு வேலை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் போன வாரம்தான் பெட்டியைப் பிரித்திருக்கிறார், முன்பக்கக் கண்ணாடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. அதற்குள் ‘பத்துக்குப் பத்து’ என்று மதிப்பெண். இன்னொருவர் ரிசீவருக்குப் படத்தையே கொடுக்கவில்லை, டிவியிலிருந்து ஒலியைத் திருப்பி அனுப்பும் இஆர்க் வழியாக ஒலி மட்டும் வருகிறது. அவருக்கு ஏன் கறுக்கப் போகிறது?

முதல் வாரத்தில் எல்லா ரிசீவரும் பிரமாதம்தான். அறையின் ஒலியை மைக்கை வைத்து அளந்து முடித்து, பேஸுக்கான சப்வூஃபர் முதல் முறை தரையை அதிர வைக்கும்போது எவனுக்கும் குறை சொல்ல வாய் வராது, எனக்கும் வரவில்லை. வைத்திருந்து, வெயில் காலம் பார்த்து, ஃபர்ம்வேர் அப்டேட்டில் ஒன்று சரியாகி இன்னொன்று கெட்டுப்போவதைப் பார்த்து, புது டிவியை மாட்டிப் பார்த்த பிறகு சொல்லுங்கள், அதை ஓனர் கருத்து என்று ஒப்புக்கொள்கிறேன். ஸ்பீக்கர்களுக்குச் சக்தி கொடுக்கும் ஆம்ப் பகுதி வருடக்கணக்கில் உழைக்கும். சீக்கிரம் பழசாவதும் பழுதாவதும் ஹெச்டிஎம்ஐ உட்கார்ந்திருக்கும் டிஜிட்டல் போர்டுதான். ஹெச்டிஎம்ஐ 2.0 வந்தது 2013-இல், 2.1 அறிவிப்பு 2017-இல். நான்கே வருடம். இந்த வேகத்தில் ஓடும் ஒரு போர்டைப் பெட்டி பிரித்த அன்றைக்கே புகழ்ந்து என்ன பயன்?

சூடு பற்றி இரண்டு வரி. மேலே ஒரு முழங்கையளவு இடம் விட்டு, பின்பக்கம் திறந்த ரேக்கில்தான் வைத்திருக்கிறேன். மின்தேக்கிகளுக்கு 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதி என்று பொறியாளர்கள் சொல்லும் தோராயக் கணக்கு எனக்கும் தெரியும், அதற்குப் பயந்துதான் அப்படி வைத்தேன்.

அப்புறம் அந்த வாட்ஸ் மேதை. ‘நீங்க சின்ன மாடல் எடுத்துட்டீங்க, பெரியது 140 வாட்ஸ், அதுல இந்தப் பிரச்சினை வராது.’ படம் கறுப்பதற்கும் வாட்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். இருந்தாலும் சொல்கிறேன். என் மாடலின் 110 வாட்ஸுக்கும் அந்த 140 வாட்ஸுக்கும் ஒலியளவில் வித்தியாசம் சுமார் 1 டெசிபெல். சக்தி இரட்டிப்பானால்தான் 3 டெசிபெல் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்றப் பத்து மடங்கு சக்தி வேண்டும். அந்த 140-ஐயும் பெரும்பாலும் இரண்டு சேனல் (ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு சேனல்) மட்டும் ஓடும்போது அளந்து போடுகிறார்கள், ஒன்பது சேனலும் ஒன்றாக இழுத்தால் அந்த எண் நிற்காது. படத்தில் எல்லாச் சேனலும் ஒரே நேரத்தில் முழு மூச்சாகக் கேட்பது அபூர்வம் என்பதால் தப்பித்துக்கொள்கிறோம். இதெல்லாம் தெரியாமல் என் மாடலைச் ‘சின்னது’ என்கிறார். சின்னதாம். ரேக்கில் ஏற்ற இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

இந்த ரிசீவரை எனக்குப் பிடிக்காது என்று முடிவு கட்டிவிட்டவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவுக்குக் காது கொஞ்ச காலமாகவே மந்தம். வெறும் டிவி ஒலியில் வசனம் புரியாமல் பாதிப் படத்தில் எழுந்து போய்விடுவார். இது வந்ததும் சென்டர் ஸ்பீக்கர் அளவை மட்டும் 3 டெசிபெல் ஏற்றி வைத்தேன். இரவில் சத்தத்தைக் குறைத்தாலும் பேச்சு தேயாமல் இருக்க அதற்கான அமைப்பையும் போட்டுக் கொடுத்தேன். அன்று ஒரு படத்தைக் கடைசிப் பெயர் ஓடும் வரை உட்கார்ந்து பார்த்தார். ‘இப்பதான்டா இவனுங்க என்ன பேசுறானுங்கன்னு தெரியுது’ என்றார். இந்தப் பெட்டிக்குக் கொடுத்த காசு எனக்கு அன்றே வசூலாகிவிட்டது.

அதே அப்பா இப்போது ரிமோட்டைத் தொடுவதில்லை. முதல் சில முறை திரை கறுத்தபோது வீட்டில் தனியாக இருந்திருக்கிறார். தான்தான் எதையோ தப்பாக அழுத்திக் கெடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு என்னிடமும் சொல்லவில்லை. நான் கேட்டபோது ‘நான் எதையும் அழுத்தலடா’ என்று, ஏதோ குற்றம் செய்தவர் போல. பெட்டியின் கோளாறுப்பா என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. நான் வந்து போட்டுக் கொடுத்தால் பார்ப்பார், இல்லையென்றால் பேப்பர். அந்த மனநிலையில்தான் சனிக்கிழமை அந்தப் பதிவை எழுதினேன். அதற்குக் கீழே வந்து ‘யூசர் எரர்’ என்று ஒரு சிரிப்பு பொம்மை போடுகிறார்கள்.

போட்டிக் கம்பெனி காசு கொடுத்ததாகச் சொன்னவருக்கு: கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன், முகவரி சொல்லுங்கள்.

‘இவ்வளவு பெரிய ரிசீவர் வாங்கும் வசதி இருப்பவன் புலம்புவதா, ஊரில் எத்தனை பேர் வெறும் டிவி ஸ்பீக்கரில் பார்க்கிறார்கள்’ என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். அதற்காகப் பழுதைப் பழுது என்று சொல்லக்கூடாதா? காசை அதிகம் கொடுத்தவன் வாயைக் குறைவாகத் திறக்க வேண்டும் என்பது எந்த ஊர்க் கணக்கு? சவுண்ட்பாருக்கு மாறச் சொன்ன கோஷ்டிக்குப் பதில் எழுதும் நிலையில் நான் இல்லை, மன்னிக்கவும்.

சர்வீஸுக்கும் கொடுத்துப் பார்த்துவிட்டேன். பெயர் சொல்லப் போவதில்லை. மேசையில் வைத்து, ஒரு பிளேயரை மாட்டி, கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு ‘பழுது எதுவும் இல்லை’ என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். என் வீட்டில் சூடேறி இரண்டாவது மணி நேரத்தில் வருவது அங்கே இருபது நிமிடத்தில் எப்படி வரும்? வீடியோ எடுத்துக் காட்டினேன். அதற்கு அந்தப் பையன் என்ன சொன்னான் தெரியுமா? ‘ஆன்லைன்ல யாரும் இப்படிச் சொல்லலையே சார், எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் எழுதுறாங்க.’

எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் எழுதுவார்கள். எழுதாதவனை அடித்து விரட்டிவிட்டால் மிச்சம் இருப்பவர்கள் அப்படித்தானே எழுதுவார்கள்? என் பதிவுக்குக் கீழே இரண்டு பேர் ‘எனக்கும் இதே பிரச்சினை’ என்று போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் இரண்டும் இல்லை. ஒருவர் மட்டும் இன்பாக்ஸில் வந்து, ‘வம்பு எதுக்குண்ணே, அழிச்சிட்டேன்’ என்றார். நிறுவனம் சம்பளம் கொடுத்து ஆள் வைத்து மறைக்க வேண்டியதை, காசு கொடுத்து வாங்கியவர்களே இலவசமாகச் செய்து கொடுக்கிறோம். அதே போர்டு நாளைக்கு உங்கள் பெட்டியிலும் போகும். அன்றைக்கு நீங்கள் தேடும்போது ஒரு புகார்கூடக் கண்ணில் படாது. ‘யூசர் எரர்’ என்று உங்களை நீங்களே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

இதையெல்லாம் ஊர் பேர் தெரியாதவர்கள் சொல்லியிருந்தால் இவ்வளவு நீளம் எழுதியிருக்க மாட்டேன். அந்தச் சிரிப்பு பொம்மையைப் போட்டது என்னை அண்ணே அண்ணே என்று கூப்பிடும் ஒரு தம்பி. அவர் ரிசீவர் வாங்கிய புதிதில் பேஸே வரவில்லை என்று நள்ளிரவில் போன் செய்தார். ஸ்பீக்கர்களை ‘லார்ஜ்’ என்று வைத்திருந்தார், எல்லாவற்றையும் ‘ஸ்மால்’ ஆக்கி, அடி பேஸ் சப்வூஃபருக்குப் போகும்படி 80 ஹெர்ட்ஸில் கிராஸ்ஓவர் போடச் சொன்னேன். மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அளந்திருந்தார், அதை ஸ்டாண்டில் காது உயரத்துக்கு வைத்து மறுபடி அளக்க வைத்தேன். சப்வூஃபர் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, எந்த எண்ணில் பேஸ் கூடுகிறது என்று அவர் போனில் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன். அன்று நான் ‘எனக்குப் பேஸ் நல்லா வருது தம்பி’ என்று சொல்லிப் போனை வைத்திருக்கலாம்.

தம்பி இதைப் படிப்பார் என்று தெரியும். அமைப்புகளுக்குள் போய் ஃபேக்டரி ரீசெட் கொடுத்துவிடுங்கள். நான் சொல்லி வைத்த எண்கள் எதுவும் உங்கள் பெட்டியில் இருக்க வேண்டாம்.