ஹோட்டன் சமவெளிக்குக் குதிரைச் சவாரி வேண்டாம்

போன ஜூலையில் அக்கா குடும்பத்தோடு அமெரிக்காவின் மொன்டானா மலைகளுக்குள் குதிரையில் போய்வந்த படங்களைப் போட்டதிலிருந்து ஒரே கேள்விதான் வருகிறது. "இதை ஏன் நம்ம மலைநாட்டு ஹோட்டன் சமவெளியில் தொடங்கக்கூடாது? வெள்ளைக்காரன் டொலரோடு வருவானே!" வெள்ளவத்தையில் பயண முகவராக இருக்கும் நண்பர் ஒருவர் இலாபக் கணக்கே போட்டுவிட்டார். வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணத்தைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நாங்கள் போனது பொப் மார்ஷல் வனாந்தரத்துக்கு. ஒரு மில்லியன் ஏக்கருக்கும் மேல், உள்ளே ரோட்டே கிடையாது. 1964இல் வந்த வனாந்தரச் சட்டத்தின்படி அங்கே மோட்டார் வாகனம் கூடாது, சைக்கிள்கூடக் கூடாது. பாதையில் மரம் விழுந்தால் இரண்டு பேர் இழுக்கும் பெரிய கைவாளால்தான் அறுக்கிறார்கள். ஆகவே கூடாரம், அரிசி, அடுப்பு எல்லாம் ஒரு மிருகத்தின் முதுகில் ஏறித்தான் போக வேண்டும். குதிரையும் கோவேறு கழுதையும் அங்கே வேடிக்கைக்கு இல்லை, அவைதான் லொறி. உயரமான கணவாய்களில் பனி உருகவே ஜூலை ஆகிவிடும், செப்டெம்பரில் குளிர் திரும்பிவிடும். இடையில் கிடைக்கும் அந்தச் சில வாரங்கள்தான் சீசன்.

காலையில் பொதி ஏற்றுவதைப் பார்க்க வேண்டும். ஒரு கோவேறு கழுதைக்கு ஏறக்குறைய 70 கிலோ, அதற்கு மேல் ஏற்றமாட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே எடையா என்று கைத்தராசில் தொங்கவிட்டுப் பார்க்கிறார்கள். ஒரு பக்கம் கொஞ்சம் கூடினாலும் சேணம் சரிந்து முதுகைப் புண்ணாக்கிவிடும். எங்கள் வழிகாட்டி சேணம் போடுமுன் ஒவ்வொரு முதுகையும் உள்ளங்கையால் தடவி, முள்ளோ மண்ணோ ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். அத்தானின் பையில் எதற்கென்றே தெரியாத சாமான் நிறைய இருந்தது. வழிகாட்டி ஒன்றும் பேசாமல் அதை வெளியே எடுத்து வைத்தார். மனிதரின் வசதியைவிட மிருகத்தின் முதுகு முக்கியம் என்று நடந்துகொள்ளும் ஆட்களை எனக்கு உடனே பிடித்துப்போனது.

இரவிலும் அப்படித்தான். குதிரையை மரத்தடியில் கட்டிவிட்டுத் தூங்க முடியாது. அது குளம்பால் தோண்டி வேரை வெளியே கொண்டுவந்துவிடும். இரண்டு மரங்களுக்கு இடையே உயரத்தில் கயிறு இழுத்து, மரப்பட்டை உரியாமல் அகலமான பட்டி சுற்றி, அந்தக் கயிற்றில்தான் கட்டுகிறார்கள். வைக்கோல்கூடக் களை விதை இல்லாதது என்று சான்றிதழ் பெற்றதாக இருக்க வேண்டும். சாணத்தோடு விழும் விதை முளைத்தால் அந்தக் காட்டுப் புல்வெளியே மாறிவிடும் என்ற பயம். கரடி வருமென்பதால் சாப்பாட்டுச் சாமானை எட்டாத உயரத்தில் கட்டித் தூக்கிவிடுகிறார்கள். இவ்வளவு பாடுபட்டுத்தான் 300 மீற்றர் உயரச் சுண்ணாம்புப் பாறைச் சுவரின் அடியில் போய் நின்றோம். அந்த அழகை எழுத எனக்கு வராது, படங்களைப் பாருங்கள்.

இப்போது நம்ம இடம். ஹோட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் இருக்கிறது. ஈரம் ஊறிய கறுப்பு மண், சதுப்பு, புல்வெளி. களனி, வளவை, மகாவலி மூன்று ஆறுகளுக்கும் அங்கிருந்து நீர் போகிறது. அந்தக் களனித் தண்ணீரைத்தான் அம்பத்தலையில் சுத்திகரித்து நம்ம கொழும்புக் குழாய்களுக்கு அனுப்புகிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் வந்து சேர்ந்த மஞ்சள் பூ முட்புதர் அங்கே பரவி, பிடுங்கப் பிடுங்க முளைக்கிறது. அந்த மண்ணில் நூறு குளம்புகளை நடக்கவிட்டு, தீவனத்தோடு இன்னும் புதுக் களை விதைகளையும் கொட்டச் சொல்கிறீர்களா? மொன்டானாவில் வேறு வழியில்லாததால் குதிரை போகிறது. ஹோட்டன் சமவெளியில் எல்லோரும் பார்க்கப் போகும் 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பாறை விளிம்புக்கு நம்ம கால்களாலேயே சில மணி நேரத்தில் போய்வந்துவிடலாமே.

அப்புறம், ஏற்கெனவே இருக்கும் குதிரைகளை எப்படி வைத்திருக்கிறோம்? ஏப்ரல் சீசனில் நுவரெலியா கிரகரி வாவிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். விலா எலும்பு தெரியும் பொனி என்ற சிறு குதிரை ஒன்றின் மேல் நல்ல கனமான ஒரு பெரியவர் குழந்தையையும் மடியில் வைத்துக்கொண்டு செல்ஃபி எடுத்ததை நான் பார்த்தேன். சேணத்துக்கு அடியில் புண். யாரும் கேட்கவில்லை. நம்ம நெடுந்தீவில் காட்டுக் குதிரைகள் கோடையில் தண்ணீருக்கு அலைகின்றன, அதையும் ஒரு படமாக எடுத்துப் போட்டுவிட்டுக் கடந்துவிடுகிறோம்.

பொனி வைத்திருப்பவர்களும் அன்றாடம் காய்ச்சிகள்தான், அவர்களைத் திட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. அபராதம் போட்டால் அந்தக் காசும் பொனியின் தீனியில்தான் குறையும். புதுச் சவாரிக்குப் போட நினைக்கும் முதலீட்டில் ஒரு சிறு பங்கு போதும். வாவிக்கரையில் குடிக்கத் தண்ணீர்த் தொட்டி, மத்தியான ஓய்வுக்கு ஒரு கூரை, வாரம் ஒருமுறை மிருக வைத்தியர், பெரியவர்கள் ஏறுமுன் நிறுத்துப் பார்க்க ஒரு தராசு. நண்பரே, உங்கள் கணக்குப் புத்தகத்தில் இதையும் எழுதிப் பாருங்கள். அடுத்த ஏப்ரலுக்கு முன் செய்யலாம் என்றால் நானும் காசு தருகிறேன்.