கரண்ட் வைத்தால் மாத்திரை வேண்டாமா?

மார்பகப் புற்றுநோய் ஓரிரு இடங்களுக்கு மட்டும் பரவியிருந்தால், குறிவைத்த கதிர்வீச்சே (ஊர்ப்பேச்சில் 'கரண்ட்') தீர்த்துவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அவ்வளவு சுலபமில்லை ஐயா.

கும்பகோணத்தில் இருக்கும் என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் பரவியது இடுப்பெலும்பில் ஒரே புள்ளியில்தான். சென்னைக்கு ரயிலேறினோம், மூன்றே அமர்வில் முடிந்தது. உடம்பின் வடிவுக்கு இறுகும் மெத்தைப் பையில் அசையாமல் படுக்க வேண்டும். மூக்கு அரித்தாலும் சொறியக் கூடாது என்பதுதான் அவள் சொன்ன ஒரே குறை. வலி விட்டது, குறுவை நடவுக்கு வரப்பில் இறங்கி நடந்தாள்.

ஆனால் 2022இல் முடிவு வெளியான என்.ஆர்.ஜி. பி.ஆர்.002 ஆய்வைக் கட்டுரையில் காணோமே? நான்கு இடங்கள் வரை பரவிய 125 மார்பகப் புற்றுநோயாளிகளிடம், மருந்துடன் இந்தக் கதிர்வீச்சையோ அறுவையையோ சேர்த்தும் நோய் வளராத காலம் குறிப்பிடும்படி நீளவில்லை. இந்தக் கதிர்வீச்சின் மேல் முன்பு நம்பிக்கை தந்த சாபர்-காமெட் ஆய்வின் 99 பேரோ பலவகைப் புற்றுநோயினர்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "கரண்ட்தான் வைத்தாயிற்றே, மாத்திரை எதற்கு?" என்று தெருவில் யாரோ கேட்க, அக்கா லெட்ரோசோல் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரையை நிறுத்திவிட்டாள். பதினோரு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. இப்போது ஞாயிறுதோறும் அட்டையை நான்தான் எண்ணுகிறேன்.